இடுப்பில் பேஜர் செருகிய அக்கா

அக்காவைப் பற்றி மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினால், எங்கிருந்தாலும் வந்து பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். ஆகவே இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரில், அவருடைய ஒரே தம்பி என்ற உரிமையோடு, சிரித்த முகமாகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது அஸ்தினாபுரத்தில். அப்பா பல்லாவரத்தில் தோல் பதனிடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் அப்பா தவறிவிட்டார். அம்மா தையல் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்க, அக்கா நர்ஸ் பயிற்சி முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு பிரசவ மருத்துவமனையில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தவர் அவரே. “ஃபெயிலாயிட்டு வந்தேன்னா ஊசி போட்ருவேன்” என்று மிரட்டுவார். ஊசிக்குப் பயந்தே நான் பட்டதாரி ஆனேன்.

அக்காவுக்கு வாய்த்த மாமா வேன் ஓட்டுபவர். ஊரெல்லாம் கேட்கும்படி பேசுவார். அக்கா ஒரு பார்வை பார்த்தால் அடங்கிவிடுவார்.

தொண்ணூறுகளில் கூடுவாஞ்சேரி வரைக்கும் மனை போட்டு விற்றார்கள். மளமளவென்று வீடுகள் வந்தன. ரோடு வரவில்லை, பஸ் வரவில்லை, டெலிபோனுக்கு எழுதிப் போட்டவர்கள் எழுதிப் போட்டபடியே இருந்தார்கள். அங்கே வலி கண்ட பெண் தாம்பரம் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. ஒரு நாள் அப்படி வந்து சேர்ந்த பெண்ணின் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாங்களே வேன்ல போய் கூட்டிட்டு வந்திருப்போமேடா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்போது நான் பேஜர் விற்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பேஜர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. அதில் பேச முடியாது. யாராவது கம்பெனிக்குப் போன் செய்து செய்தியைச் சொன்னால், ஆபரேட்டர் அதைத் தட்டச்சு செய்வார். ‘பீப் பீப்’ என்று சத்தம் போட்டுவிட்டு, ஆங்கில எழுத்தில் அந்தச் செய்தி நம் இடுப்புக்கு வந்து சேரும். அதை வாங்கச் சொல்லி நான் டை கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் வாசலில் தவம் கிடந்தேன். அக்காவோ ஒரே பேச்சில் முடித்தார்.

“எனக்கு ஒண்ணு குடுடா. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி வந்து சொன்னாங்கன்னா நான் கிளம்பிருவேன் இல்ல?”

மாமா அதை உருட்டிப் பார்த்தார். “இன்னாடா இது, பேஜரா பேஜாரா? இனிமே சோறு துன்ன வுடுவாளா உங்கக்கா?”

விடவில்லைதான். பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் அக்கா தன் பேஜர் எண்ணைக் கொடுத்தார். புடவைக் கொசுவத்தின் பக்கத்தில் பேஜரைச் செருகிக்கொண்டு அவர் நடந்து வருவதைப் பார்த்தால், எங்கள் கம்பெனி மேனேஜரே எழுந்து நின்றிருப்பார்.

கோடைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் மாமாவும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேஜர் கத்தியது. கையில் குழம்பு இருந்ததால் அக்கா என்னைப் படிக்கச் சொன்னார். “பாட் புரோக்கன். கம் ஃபாஸ்ட். செல்வம், கூடுவாஞ்சேரி கேட்” என்று இருந்தது. குடம் உடைந்துவிட்டதாம், சீக்கிரம் வரவேண்டுமாம்! தண்ணீர் லாரிக்குத் தெருவே காத்துக் கிடந்த நாட்கள் அவை.

“லாரி வர நேரத்துல குடம் ஒட்ஞ்சா பேஜார்தான்” என்றார் மாமா. “அதுக்கு இன்னாத்துக்கு நர்ஸு? ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கினு போலாமா?”

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் சட்டென்று மாறியது. இலையை விட்டு எழுந்தார்.

“அடப்பாவிங்களா, பனிக்குடம்! அவன் பொண்டாட்டிக்குப் பனிக்குடம் உடைஞ்சிருக்கு!”

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மாமா வேனை எடுத்தார். அக்காவோடு நானும் ஏறிக்கொண்டேன். அவர் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. கூடுவாஞ்சேரி ரயில்வே கேட்டருகே செல்வம் துண்டை ஆட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவியை ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக்குத் திரும்பினோம். வண்டலூரைத் தாண்டுவதற்குள் அக்கா, “ஓரங்கட்டுங்க!” என்று கத்தினார். மாமாவும் நானும் செல்வமும் இறங்கி, ரோட்டைப் பார்த்தபடி நின்றோம். செல்வம் கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு குழந்தையின் அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அந்த நேரத்தில் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் கர்ஜித்தது என்று மாமா இன்றுவரை சத்தியம் செய்கிறார். எனக்கென்னவோ அது லாரி ஹாரன் போலத்தான் கேட்டது.

மறுநாள் அக்கா எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். செய்தி அனுப்பிய ஆபரேட்டர் ஒரு சின்னப் பெண். நடந்ததைக் கேட்டதும் அழுதுவிட்டார்.

“இங்கிலீஷ்லதான் அனுப்பணும்னு சொல்லியிருக்காங்க மேடம். பனின்னா ஐஸ்தானே? ‘ஐஸ் பாட்’னு போட்டா சிரிப்பாங்களேன்னு வெறும் ‘பாட்’னு போட்டேன்.”

அக்கா சிரித்த சிரிப்பில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் கண்ணைத் துடைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்தார். இனி மொழிபெயர்ப்பே வேண்டாம். வலி, தண்ணி, ரத்தம். இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் அந்தத் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்து, கூடவே இடத்தையும் போட்டுவிட வேண்டும். மேனேஜர் முனகினார். அக்கா அவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

அதன் பிறகு அது ஊர் வழக்கமாகிவிட்டது. பூத்துக்கு ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து “அக்கா பேஜர்!” என்று சொன்னால், வரிசையில் நிற்பவர்கள் மறு பேச்சில்லாமல் வழிவிடுவார்கள். துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் போனை வைத்ததையும் பார்த்திருக்கிறேன். செய்தி வந்த அடுத்த நிமிடம் மாமாவின் வேன் கிளம்பிவிடும். பிறகு செல்போன் வந்தது, பேஜர் போயிற்று, என் வேலையும் போயிற்று. அக்கா மட்டும் ஓய்வு பெறும்வரை ஓடிக்கொண்டே இருந்தார்.

கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோதும், ஊசி போட வரும் நர்சிடம் நரம்பு பிடிப்பதில் குறை கண்டுபிடித்து, பிறகு அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக் கதை பேசினார். வலியென்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாவின் கையைப் பிடித்தபடியே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். எனக்கு இன்னொரு தாய் அவர். அவரில்லாத இந்த ஒரு வருடத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று பூத்துகளில் வழிவிட்டு நின்ற முகம் தெரியாத அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒரு சாராரிடம் பேச வேண்டும். அக்கா தவறிய அன்று நாங்கள் தகவல் சொன்னது உறவினர்களுக்கு மட்டும்தான். ஆனால் வாசலில் வந்து நின்றதோ கூடுவாஞ்சேரியும் ஊரப்பாக்கமும் வண்டலூரும். இளைஞர்களும் இளம்பெண்களும் “நாங்க சொந்தம் இல்லீங்க” என்று கூச்சப்பட்டுக் கடைசியில் நின்றீர்கள். இன்று இந்த மலரை வாங்கிக்கொண்டு, நினைவு நாள் கூட்டத்திலும் அப்படித்தான் நிற்பீர்கள். முன்னால் வாருங்கள். பிறந்தவுடன் உங்களை முதலில் தொட்டுத் தூக்கியது என் அக்காவின் கை. உங்களைப் பெற்றவர்களே அதற்கு அப்புறம்தான். சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது.