பதினோராவது பெயர்

செய்தி வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. வழக்கமாக அந்த நேரத்தில் எங்கள் பல்கலைக்கழகத் துறையின் அலுவலகக் கண்காணிப்பாளர், எங்கள் எல்லோருக்கும் அக்கா, மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து டிபன் பாக்ஸைத் திறப்பார். "இருபது நிமிஷம் இந்த ஆபீஸுக்கு லீவு, ஓடுங்க" என்று எல்லோரையும் விரட்டிவிடுவார். தனியாகத்தான் சாப்பிடுவார். வீட்டிலும் தனிதான். இந்தச் செவ்வாய்க்கிழமை அந்தச் செய்தித்தாள் விரிக்கப்படவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலக உதவியாளர் என்னைக் கூப்பிட்டார். "சார், அக்கா போயிட்டாங்க சார்."

ஐம்பத்தேழு வயது. வலது முட்டி தேய்ந்து, மாடி ஏறுவதை விட்டு நான்கு வருடமாகிறது. துறைத்தலைவரே கோப்பைத் தூக்கிக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கி வருவார். அவர் முகம் சுளித்தால், "உங்களுக்கு ரெண்டு முட்டியும் கவர்மெண்ட் செலவுல நல்லா இருக்கு சார், நடங்க" என்பார் அக்கா.

இயந்திரக் கற்றலும் கணினிசார் உயிரியலும் கற்பிக்க ஒரு விரிவுரையாளர் தேவை என்ற விளம்பரத்தை மூன்று வருடத்தில் மூன்று முறை தட்டச்சு செய்தவர் அவர். முதல் இரண்டு முறையும் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று மூடிவிட்டார்கள். "ஒரு சம்பளத்துக்கு ரெண்டு ஆள் தேடுறாங்க தம்பி" என்று சிரித்தார். அந்த இரண்டு ஆள் வேலையையும் ஆறு வருடமாகத் தற்காலிகமாகப் பார்த்துவந்தவன் நான். இந்த முறை ஆள் எடுத்துவிட்டால், மாதக் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிந்துவிடும். நானும் விண்ணப்பித்திருந்தேன். உடம்பிலுள்ள புரதம் எப்படி மடங்கும் என்று கணினியை ஊகிக்க வைப்பதுதான் என் ஆராய்ச்சி என்று ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் முட்டி ஏன் மடங்க மாட்டேங்குதுன்னு அதுகிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்றார்.

நேர்காணலுக்கு வந்த பதினோரு பேருக்கும் அவரே தண்ணீர் கொடுத்தார். "உள்ள அஞ்சு பேர் இருக்காங்க. ஜன்னலோரம் இருக்கிறவர் தூங்குவார், பயப்படாதீங்க. அது உங்களால இல்லை."

முடிவு வந்த பிறகு அவர் செய்யும் வேலை எந்த விதிமுறையிலும் இல்லை. பதிவாளரின் ஒப்புதல் வந்ததும் பெயர்களைத் தன் கையால் ஒரு தாளில் எழுதுவார். கிடைக்காதவர்கள் மேலே, தேர்வானவர் கடைசியில். அதே வரிசையில் ஒவ்வொருவரையும் போனில் அழைப்பார். "சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிப்பார். பிறகு, "இந்தத் தடவை இல்லைங்க." எதிர்முனை வைக்கும்வரை அவர் வைக்கமாட்டார். ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வைத்த பிறகு, பெயருக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் ஒரு டிக்.

"கிடைச்சவனுக்கு ஏன் கடைசியா?" என்று கேட்டேன்.

"அவனுக்குச் சொல்ல நாலு பேர் வருவாங்க. கிடைக்காதவனுக்கு யார் சொல்றா? நான் ஏழு மாசம் ஒரு தபாலுக்காக வாசல்ல நின்னவ. கடைசியில தபால்காரர் எங்க தெருப் பக்கமே பார்க்காம சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சுட்டார்."

"எனக்கும் போன்தானா?"

"உனக்கு எதுக்கு போன்? நல்லதோ கெட்டதோ, மாடி ஏறி வந்து நேர்ல சொல்றேன்."

அந்த முட்டியை வைத்துக்கொண்டா என்று நான் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒப்புதல் வந்துவிட்டதாகத் தெரிந்தது. மூன்றாம் மாடியில் என் அறையில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை இருக்கும், படிக்கட்டுப் பக்கம் ஏதோ சத்தம், ஆட்கள் ஓடும் ஓசை. போனை விட்டு எழ மனமில்லை. யாரோ மாணவன் தடுக்கி விழுந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் உதவியாளர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "என்னக்கா வேணும், நான் போய்ச் சொல்றேன்னு கேட்டேன் சார். இதை நீ சொல்லக் கூடாதுப்பான்னுட்டுக் கைப்பிடியைப் பிடிச்சு ஏறினாங்க. ரெண்டாவது மாடித் திருப்பத்துல உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான்." பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். "கையில இது இருந்துச்சு."

ஒன்பது பெயர்களுக்கு எதிரே சிவப்பு டிக். பத்தாவது என் பெயர்.

ஆக, அவர் சொல்ல வந்த சேதி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது: இந்தத் தடவை இல்லை. கீழே போய் அவர் மேசையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, என் பெயருக்கு எதிரே நானே டிக் போட்டேன்.

பதினோராவது பெயர் ஒரு பெண்ணுடையது. பக்கத்தில் அந்தப் பெண்ணின் போன் எண், அக்காவின் உருண்டைக் கையெழுத்தில். இன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.