டென்ஸிலுக்கு ஒரு தட்டு

தெல்மாவிடம் இரண்டு கோல்கள் இருந்தன. ஒன்று பஞ்சாயத்து கொடுத்தது. மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலையின் நடுவில் நின்று, அதை நீட்டினால் கல் லாரியே நிற்கும். பிள்ளைகள் கடந்து போவார்கள். இன்னொன்று அவளே வேலியிலிருந்து ஒடித்துச் சீவியது. அதை நீட்டினால் என்ன நிற்கும் என்று அவளுக்கே இப்போதெல்லாம் சரியாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் சூனியக்காரி என்றால் யாரும் அலறி ஓடுவதில்லை. துடைப்பத்தில் ஏறிய பொம்மைகளைச் சுற்றுலாக்காரர்கள் தலையில் கட்டிப் பிழைக்கிற கடை எல்லாக் கடற்கரை ஊரிலும் உண்டு. தெல்மா அந்த ரகமில்லை. மூட்டுவலிக்காரி, கறாரானவள், முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு சின்னக் கூட்டத்துக்குத் தலைமைப் பூசாரி. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். மெழுகுவர்த்தி வாங்குவது, கறியும் கிழங்கும் வைத்து மாவில் மூடிய பாஸ்டி தலைக்கு ஒன்று சுடுவது, 'மழை வருது, நடக்குமா?' என்று வருகிற தொலைபேசிக்கெல்லாம் பதில் சொல்வது, இவ்வளவுதான் பதவி. இது போதாதென்று ஊர்க்காரர்கள் வேறு. வீடு விற்கவில்லை, மகனுக்கு வாய்த்தவள் சரியில்லை, எதிர்வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறது என்று ஒவ்வொருவராக வந்து கோலுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கடிப்பார்கள். "நாய்க்கு மந்திரம் கிடையாது. எலும்பு வாங்கிப் போடு" என்பாள்.

இதில் அவள் ஆசைப்பட்டு விழவில்லை. தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போய்வந்த குடும்பம். அம்மா இறந்தபோது போதகர் வந்து எல்லாம் நன்மைக்கே என்றார். தெல்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொட்டிக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண், "என்கூட வா, அங்க யாரும் உனக்குப் புத்தி சொல்ல மாட்டாங்க" என்று இந்தக் கூட்டம் பூசை நடத்துகிற ஒரு வயலுக்குக் கூட்டிப் போனாள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள் தெல்மா. நெஞ்சில் இருந்த கல் ஒன்று நகர்ந்தது. அப்புறம் அந்தப் பெண் கூட்டத்தின் பொறுப்பையெல்லாம் இவள் தலையில் கட்டிவிட்டு ஸ்பெயினுக்கு வெயில் காயப் போய்விட்டாள்.

புருஷன் டென்ஸில் இந்த வம்புக்கே வரவில்லை. சீனக் களிமண் லாரி ஓட்டியவர். ஆண்கள் பாடற்குழுவில் அடிக்குரல். பூசை நாளில் விறகை ஏற்றிக்கொண்டு தெல்மாவை வேனில் கொண்டுவந்து விடுவார். பூசைக்குப் போடுகிற மந்திர வட்டத்துக்குள் மட்டும் காலெடுத்து வைக்க மாட்டார். வேனுக்குள்ளேயே உட்கார்ந்து ரேடியோவில் ரக்பி கேட்பார். பாதிப் பூசையில் தெல்மா வட்டம் கலையாமலிருக்க, கறுப்புப் பிடிக் கத்தியால் காற்றில் ஒரு வாசல் கீறி, வெளியே வந்து, சூடான பாஸ்டியும் டீயும் கொடுத்துவிட்டுத் திரும்புவாள்.

"உன் தேவி இன்னைக்காவது லாட்டரி நம்பர் சொன்னாளா, பொண்ணே?"

"சொன்னா. உனக்குச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னா. ஆறிடும், தின்னு."

எத்தனையோ வருஷம் இதுதான் நடந்தது. அவருடைய நுரையீரல் கைவிட்ட கடைசி வாரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த அக்டோபர் விருந்துல என்னைக் கூப்பிடாத."

"ஏன்?"

"ஆயுசு பூரா உனக்காக வேன்ல உக்காந்து காத்துட்டிருந்தேன். போனப்புறமும் எங்கயாவது உக்காந்து, எப்ப கூப்பிடுவான்னு காத்துட்டிருக்க என்னால ஆகாது, பொண்ணே. போனா போனதாவே இருக்கட்டும். சத்தியம் பண்ணு."

பண்ணினாள். பிப்ரவரியில் அவர் போய்விட்டார்.

அக்டோபர் வந்தது. சோவின் வந்தது. செத்தவர்களுக்கான அந்தப் பண்டிகையில் இவர்கள் கூட்டத்தில் பேசா விருந்து நடக்கும். முதலில் அந்த வருஷம் யாரையாவது இழந்தவர்கள் வட்டத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வருவார்கள், பசியாறுவார்கள், விடை வாங்கிக்கொண்டு போவார்கள். கூப்பிடாவிட்டால் வழி தெரியாமல் நிற்பார்கள் என்பது நம்பிக்கை. பிறகு எல்லாம் தலைகீழ். இனிப்பு முதலில், சூப்பு கடைசியில். உட்கார்ந்ததிலிருந்து எழுகிறவரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பேச்சு விழுந்தால் விருந்து அதோடு முடிந்தது.

பண்டிகைக்கு முந்தைய வாரம் லவ்டே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். மகளைப் பள்ளிக்குள் அனுப்பிவிட்டு நின்றுகொண்டாள். கூட்டத்தில் தெல்மாவுக்கு அடுத்த இடம் அவளுக்கு. நல்ல பெண், ஆனால் எதையும் விடமாட்டாள்.

"இந்த வருஷம் டென்ஸிலை நீங்கதான் கூப்பிடணும், தெல்மா. எல்லாரும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம்."

"அவர் வேண்டாம்னு சொல்லிட்டாரு."

"உயிரோட இருக்கிறப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. என் அப்பாவும் சொன்னாரு. நீங்கதானே கூப்பிடச் சொன்னீங்க? 'கூப்பிடு, உடம்பு சிலிர்க்கும், வந்தது உனக்கே தெரியும்'னு."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அன்னைக்குத்தான் நான் தூங்கினேன்."

ஒரு லாரி வந்தது. தெல்மா கோலை நீட்டி நடுச்சாலைக்குப் போனாள். நல்லவேளை, பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

ஆனால் லவ்டே சொன்னது நெஞ்சைப் பிடுங்கியது. கூப்பிட்டால் புருஷனுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. கூப்பிடாவிட்டால் அவர் வழி தெரியாமல் நிற்பார். அப்படி நிற்க மாட்டார் என்றால், இத்தனை வருஷம் அழுதுகொண்டு வந்தவர்களிடமெல்லாம் இவள் சொன்னது என்ன, பொய்யா? இதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் டென்ஸில்தான். அலுப்பாக இருந்தது. துக்கத்தில்கூட இவ்வளவு வேலை இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

பண்டிகையன்று காலை பாஸ்டி சுட்டாள். யாருடையது எது என்று தெரிய, அந்த ஊர் வழக்கப்படி, மூலையில் மாவாலேயே அவரவர் பெயரின் முதல் எழுத்தை ஒட்டினாள். அடுப்பிலிருந்து எடுத்தபோதுதான் பார்த்தாள், ஒன்றில் டென்ஸிலின் எழுத்து. கை தானாகச் செய்திருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. மற்றவற்றோடு அதையும் துணியில் சுற்றிக்கொண்டாள்.

வேனை அவளே ஓட்டிப் போனாள். ஓட்டுநர் இருக்கை இன்னும் டென்ஸிலின் நீளக் காலுக்குத்தான் பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுக்காமல், முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு எட்டி எட்டி மிதித்தாள்.

விருந்து ஒரு பண்ணையாரின் காலி மாட்டுக்கொட்டகையில். முன்பெல்லாம் நடுநிசியில் நடக்கும். இப்போது எல்லோருக்கும் மறுநாள் வேலை, பிள்ளைகள், முழங்கால். சாயங்காலம் இருட்டியதும் ஆரம்பித்து ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளியே தூறல். வேன் முற்றத்தில் நின்றது, எப்போதும் நிற்கிற இடத்தில்.

தெல்மா வட்டம் போட்டாள். மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற நெவில் தன் அண்ணன் பெயரைச் சொன்னார். ஒரு பெண் தன் தோழியைக் கூப்பிட்டாள். பிறகு எல்லாக் கண்களும் தெல்மாவின் பக்கம் திரும்பின. தெல்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இல்லை.

லவ்டேயின் முகம் வாடிவிட்டது. தெல்மாவுக்குத் தன் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. புருஷனை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியது போல்தான் இருந்தது.

உட்கார்ந்தார்கள். பேச்சு நின்றது. மேசையின் தலைப்பக்கத்தில் செத்தவர்களுக்கென்று ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் ஒரு தட்டு, பெரிய சிவப்பு ஆப்பிள் ஒன்று. குங்குமப்பூ கேக் முதலில் வந்தது. அடுத்து பாஸ்டி. கரண்டிகளின் சத்தமும் நெவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் மட்டும். தெல்மாவுக்குக் காலையிலிருந்து நின்ற கால் வலித்தது. கண் செருகியது. மழை தகரத்தில் விழுந்தது.

தெல்மா எழுந்தாள். எதையும் யோசிக்கவில்லை. துணியைப் பிரித்து, மிச்சமிருந்த பாஸ்டியைத் தட்டில் வைத்தாள், பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கினாள், கத்தியால் காற்றில் வாசல் கீறினாள், தூறலில் இறங்கி முற்றத்தைக் கடந்தாள். வேனின் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினாள்.

"டென்ஸில்! கண்ணாடிய எறக்கு. ஆறிடும், தின்னு."

அந்தச் சத்தம் கொட்டகைக்குள் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது. உள்ளே, இருக்கையில், அவளுடைய தலையணை மட்டும் சாய்ந்திருந்தது.

விருந்தும் போச்சு, வாக்கும் போச்சு. பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. கூப்பிட்ட பிறகு என்ன நடக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அல்லவா, தட்டை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், காத்திருந்தாள். வா என்று மனசுக்குள் கெஞ்சினாள். உடம்பு சிலிர்க்கவில்லை. அவருடைய புகையிலை வாசனை வரவில்லை. பக்கத்தில் ஒருவர் நிற்கிற மாதிரி எதுவும் இல்லை. மழை பாஸ்டியின் மேல் விழுந்து மாவெழுத்து ஊறியது. அப்போதுதான் அவள் அழுதாள், பிப்ரவரியில் அழாததையும் சேர்த்து.

லவ்டே ஓடி வந்தாள். தன் கோட்டை அவள் தோளில் போட்டாள். மெதுவாகக் கேட்டாள்.

"வந்தாரா?"

தெல்மா மூக்கைத் துடைத்தாள்.

"வரல. வரமாட்டேன்னு சொன்னாரு, வரல. சொன்னா சொன்னதுதான் அந்த மனுஷன்."

"நீங்க கூப்பிட்டது சரியாக் கேக்காம இருந்திருக்கும். உள்ள வாங்க, முறையாத் திரும்பக் கூப்பிடலாம்."

"கேட்டிருக்கும், பொண்ணே. ஊருக்கே கேட்டுச்சு." சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் சிரித்தாள். "உங்க அப்பா வந்தாரு. அது நிஜம், அதை விட்டுடாத. இவரு வரல. இதுவும் நிஜம். ரெண்டையும் வச்சுக்கிட்டு இனிமே யார்கிட்டயும் பேச எனக்குத் தெம்பில்ல."

கத்தியைத் திருப்பி, பிடி லவ்டேயின் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். லவ்டே அதைத் தொடாமல் பார்த்தாள். "நானா? இன்னைக்கேவா?"

"வாசலைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன். யாராவது போய்ச் சாத்தணுமில்ல? உள்ள நெவில் வேற பயந்துபோய் உக்காந்திருப்பாரு. அவங்க கூப்பிட்டவங்களுக்கு விடை கொடு. சூப்பை ஊத்து. வட்டத்தை நீ மூடு."

"நீங்க?"

தெல்மா வேனின் கதவைத் திறந்தாள். தலையணையை எடுத்துப் பின்னால் எறிந்தாள். குனிந்து நெம்புகோலைப் பிடித்து இழுத்தாள். முனகிக்கொண்டு இருக்கை முன்னால் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஈரமான பாஸ்டியை மடியில் வைத்துக்கொண்டு, ரேடியோவைத் திருகினாள்.

"நான் வேன்ல காத்திருக்கேன்" என்றாள்.