மூன்று ஸ்தானாபதிகளும் என் மனுவும்

பாங்காக்கில் நம் பிரிட்டிஷ் சர்க்காரின் தூதராக, அதாவது ஸ்தானாபதியாக இருந்த துரைமாரில் மூன்று பேரை எனக்குத் தெரியும். முகம் தெரியாது, மனு எழுதித் தெரியும். எவர் எப்போது வந்தார், எவர் மாற்றலாகிப் போனார் என்று மேலப்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு என்னளவுக்குச் சொல்லக்கூடியவன் அந்நாளில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தச் சரித்திரத்தைக் கற்றுக்கொள்ள என் உடன்பிறந்தவரைக் கொடுத்தேன்.

அண்ணனை நாங்கள் காக்கா என்போம். காக்கா எனக்கு எட்டு வயது மூத்தவர். எங்கள் தறியில் நெய்த கைலி மூட்டையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சயாம் தேசத்துக்குப் போய் பாங்காக்கில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்தார். நான் சேரன்மகாதேவியில் ஒரு வக்கீலிடம் நகல் குமாஸ்தா. என் இங்கிலீஷ் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கும். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

ஒருநாள் பாங்காக்கிலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். திருட்டுத் துணி வாங்கியதாகச் சொல்லிக் காக்காவை சயாம் போலீசார் பிடித்துப் போய்விட்டார்களாம். காலில் விலங்காம். அந்தக் காலத்தில் அங்கே வெளிதேசத்துப் பிரஜைகளை அவரவர் தேசத்துத் துரைதான் விசாரிப்பார். தன்னிடம் பதிந்துகொண்டவனுக்காகத் துரை ஒரு வார்த்தை கேட்டால் சயாம்காரர்கள் ஒப்படைத்துவிடுவார்கள். கடிதத்தை நான் படித்துச் சொன்னதும் காக்காவின் மனைவி, என் மதினி, அழவில்லை. பேனாவும் தாளும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் மனு எழுத ஒரு முறை உண்டு. கேட்க வேண்டியதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஆள் யார், எந்தத் தெரு, வாப்பா யார், வாப்பாவின் வாப்பா யார், எத்தனை தலைமுறையாகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டுகிற குடும்பம் என்று எல்லாம் சொல்லியாக வேண்டும். வேர் காட்டாத மனுவைத் துரைமார் தொடமாட்டார்கள் என்று நாங்கள் நம்பினோம். நானும் வேர் காட்டினேன்.

நாலு மாதம் கழித்து முதல் ஸ்தானாபதியின் கச்சேரியிலிருந்து பதில் வந்தது. மரியாதையான ஒற்றை வரி. அப்படி ஒருவர் எங்கள் பதிவேட்டில் இல்லை.

ஏன் இல்லை என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வேர் போதவில்லை என்று நினைத்தேன்.

"தம்பி, இன்னும் அழுத்தி எழுதுங்க," என்றாள் மதினி. "அவுக நம்ம ஊருப் புள்ளதான்னு கல்லுல வெட்டுன மாதிரி எழுதுங்க."

அதற்குள் அந்த ஸ்தானாபதி மாற்றலாகிவிட்டார். வக்கீல் வீட்டுக்கு வரும் மதராஸ் பத்திரிகையில் பார்த்தேன். பழைய துரை படித்த மனு புதுத் துரைக்கு எப்படித் தெரியும்? முதலிலிருந்து எழுதினேன். கிராம முன்சீப்பின் அத்தாட்சி, பள்ளிவாசல் நிக்காஹ் பதிவின் நகல், தீர்வை ரசீதுகள், ஹஜ்ஜுக்குப் போய்வந்த இரண்டு பெரியவர்களின் சாட்சிக் கையெழுத்து எல்லாம் சேர்த்தேன். இருபத்திரண்டு பக்கம். சிவப்பு நாடா போட்டுக் கட்டியபோது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பிறகு பதிலே வரவில்லை. மாதங்கள் போயின. தபால்காரன் எங்கள் தெருவைத் தாண்டும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன். சேரன்மகாதேவியில் காலையில் ஆற்றில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று அழுவேன். பார்க்கிறவர்கள் முகம் கழுவுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதே கட்டை இன்னொரு பிரதி எடுத்து மறுபடியும் அனுப்பினேன்.

அடுத்த வருஷம் பாங்காக்கிலிருந்து எங்கள் தெரு ஜவுளி வியாபாரி ஒருவர் ஊர் திரும்பினார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் என் தோளைப் பிடித்தார்.

"ஏம்வே, அந்தக் காயிதக் கட்ட அனுப்புனது நீருதானா?"

"ஆமா அண்ணாச்சி. போய்ச் சேந்துச்சா?"

"நல்லாச் சேந்துச்சு. வே, ஒம்ம காக்கா அங்கன காரைக்கால்காரன்னு சொல்லில்லா பிரெஞ்சு துரைகிட்ட அவுக பிரஜையா பதிஞ்சு சீட்டு வாங்கியிருந்தாரு! பிரெஞ்சு சீட்டு லேசுல கெடைக்கும். நம்மாளுக எத்தன பேரு அப்படி வாங்கியிருக்கான் தெரியுமா? அந்தத் துரை பேசி, வெளிய விடுத நேரம். அப்பம்தான் ஒம்ம கட்டு வந்துச்சு. மூணு தலைமுறையா மேலப்பாளையமாம், முன்சீப்பு சாட்சியாம். அது கை மாறி பிரெஞ்சு கச்சேரிக்குப் போச்சு. பொய் சொல்லிச் சீட்டு வாங்கியிருக்கான்னு பிரெஞ்சு துரை ஒம்ம காக்கா பேர அடிச்சிட்டான்."

"அப்பம் நம்ம துரை கேக்கலாம்லா?"

"சயாம் ராசாவோட புது ஒப்பந்தம் வந்திருக்குவே. அதுக்கு முந்தி நம்மகிட்ட பதிஞ்சவனுக்குத்தான் நாம பேச முடியும்னுட்டாரு. சயாம் கோர்ட்டுல ஏழு வருசம் போட்டுட்டான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அந்தத் தவளைகூட இல்லை. அது தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது. நம் துரையின் கதவு சாத்தியே கிடந்தது, திறந்திருந்த பிரெஞ்சு துரையின் கதவையும் நானே என் அழகான கையெழுத்தால் சாத்திவிட்டேன். மதினியிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"நான் ஏன்வே சொல்லுதேன்? சொல்லணும்னா நீருதான் சொல்லணும்," என்றார்.

நான் சொல்லவில்லை. ஏழு வருஷம்தானே, வந்துவிடுவார், அவர் காலில் விழுந்துகொள்ளலாம் என்று கோழைத்தனமாக நாளை எண்ணினேன். நாலு வருஷம் அப்படிப் போயிற்று. காக்காவுக்கு ஜெயிலில் இரத்தபேதி என்று ஒரு வரி வந்தது. அப்போது ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது, பாங்காக்கில் மூன்றாவது ஸ்தானாபதி வந்திருந்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அன்று எழுதிய மனுவில் வேர் இல்லை, முறை இல்லை. நாலே வரி. நான் முன்பு அனுப்பியதெல்லாம் புளுகு. கைதி எனக்கு அண்ணனே இல்லை. அவர் காரைக்கால்காரர்தான். பொய் சொன்னதற்கு என்னைத் தண்டியுங்கள், அவரைப் பிரெஞ்சு துரையிடம் கொடுத்துவிடுங்கள்.

பதில் வர ஏழு மாதம் ஆயிற்று. கூடவே ஒரு சின்னப் பார்சல். கைதி ஜெயிலில் இறந்துவிட்டதைத் துரை வருத்தத்துடன் தெரிவித்திருந்தார். என் நாலு வரியை ஏற்பதற்கில்லை என்றும், கச்சேரியில் ஏற்கெனவே உள்ள ஆதாரங்களின்படி இறந்தவர் மேலப்பாளையத்துக்காரர், பிரிட்டிஷ் பிரஜை என்பதில் சந்தேகமே இல்லை என்றும், ஆகவே அவருடைய சாமான்களை வாரிசுகளுக்கு அனுப்புவதாகவும் எழுதியிருந்தது. பார்சலில் எங்கள் தறியில் நெய்த கைலி ஒன்று இருந்தது.

மதினி இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வேற்று ஆண் முகம் பார்க்கக் கூடாது. நடுவீட்டில் திரை கட்டியிருந்தது. முதல் வாரம் முடிந்த அன்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் பெரிய மனுவோட நகல் இருக்குல்லா? கொஞ்சம் வாசிங்க."

"இப்பம் எதுக்கு மதினி?"

"அவுக வாப்பா, வாப்பாவோட வாப்பா, நம்ம தெரு, நம்ம பள்ளி எல்லாம் வருமே, அங்கன இருந்து வாசிங்க. அந்நிய மண்ணுல ஆருமத்த மையத்தா அடக்கமாயிருவாகளோன்னுதான் பயந்துக்கிட்டே கெடந்தேன். ஆருன்னு நீங்க எழுதி வச்சிட்டீக. அது ஒண்ணு போதும் எனக்கு."

திரை இருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நகலைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை, எல்லாம் மனப்பாடமாக இருந்தது.