முப்பத்தெட்டு கிலோ

என் மகளுக்குப் பதினைந்து வயது. எடை முப்பத்தெட்டு கிலோ. அவளால் நடக்க முடியாது. சாய்வாக உட்கார வைத்தால் உட்காருவாள். பேச்சு மெதுவாக வரும், ஆனால் வாய் நீளம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது அவளைத் தூக்குவேன். போன பொங்கலுக்கு முந்தின வாரத்தில் ஒரு காலை, அப்படித் தூக்கும்போதுதான் என் இடுப்பில் எதுவோ சடக்கென்று பிடித்துக்கொண்டது. அவளைக் கீழே போட்டுவிடவில்லை. கட்டிலிலேயே சரித்துவிட்டு அவள் மேலேயே நானும் விழுந்தேன்.

"அம்மா, நவுரு. மூச்சு முட்டுது" என்றாள்.

வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஒரு வாரம் தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். வலி இடுப்பை விட்டுப் பின்தொடை வழியாகச் சுண்டுவிரல் வரை இறங்கியதே தவிர, குறையவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். உடம்பைக் குறைக்க வேண்டும், பிசியோதெரபிக்குப் போக வேண்டும், பளு தூக்கக் கூடாது. பளு தூக்கக் கூடாது என்று அவர் சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாளைக் காலையில் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து என் பெண்ணை நீங்கள் குளிக்க வையுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

என் கணவர் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழுக்கு வருவார். வீட்டில் இருக்கும்போது அவர்தான் தூக்குவார். நடுவில் இருக்கிற பதினோரு மணி நேரம் என்னுடையது. ஸ்கேன் எடுத்த மறுவாரம் அவர் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். காலாப்பட்டுப் போகிற வழியில் இப்படிப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறதாம். ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம். சித்திரை ஒன்றாம் தேதி மத்தியானம் வரை நமக்காக வைத்திருப்பார்களாம்.

"ஒன் முதுவும் போச்சின்னா ரெண்டு பேரையும் நான்தான் தூக்கணும். அப்புறம் வேலைக்கு யாரு போறது?" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. படிவத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். நான் அதன் மேல் கேழ்வரகு டப்பாவைத் தூக்கி வைத்தேன். ஆக எனக்கு இருந்தது ஏறக்குறைய மூன்று மாதம். அதற்குள் முப்பத்தெட்டு கிலோவைத் தூக்குகிற உடம்பு எனக்கு வர வேண்டும். வராவிட்டால் அவள் காலாப்பட்டுக்குப் போய்விடுவாள்.

பிசியோதெரபி செய்கிற பெண் என்னைவிடச் சின்னவள். "என்னாக்கா தூக்குவீங்க வீட்ல?" என்று முதல் நாளே கேட்டாள். நான் பொய் சொன்னேன். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை என்றேன். என் மகளைப் பற்றி எந்த ஆஸ்பத்திரியில் வாய் திறந்தாலும் பேச்சு என் முதுகை விட்டுவிட்டு அவள் மேல் தாவிவிடும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஏதாவது ஓர் இல்லத்தில் வந்து நிற்கும். இந்தப் பெண்ணும் அதையே சொல்லிவிடுவாள் என்று பயந்தேன்.

அவள் கொடுத்த பயிற்சிகளைப் பார்த்தால் சோம்பேறிகளுக்காகச் செய்தது போல இருந்தது. முட்டி போட்டுக் குனிந்து, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டிப் பத்து எண்ண வேண்டும். ஒட்டடைக் கம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்து, தலை, நடுமுதுகு, பின்புறம் மூன்றும் கம்பை விட்டு விலகாமல் இடுப்பிலிருந்து வணங்க வேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். "முதுவுல வலிச்சா பரவால்ல, பாத்து செய்ங்க. கால்ல எறங்குச்சின்னா அந்த எடத்துலயே நிறுத்திடுங்க. எதத் தூக்குறதும் நான் சொன்ன பிறகுதான்" என்றாள். தலையாட்டினேன். அந்த நாட்களில் அவர் வேலையிலிருந்து வரும்வரை மகள் கட்டிலிலேயே இருந்தாள், ஒன்றுக்கு வந்தால் படுக்கையிலேயே பேசின் வைத்தேன்.

நான் தரையில் முட்டி போட்டு நிற்பதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்து என் மகள் சிரித்தாள். "நாய் மாரி இருக்க" என்றாள். எண்ணுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அதுதான் வினை. ஒவ்வோர் எண்ணும் அவள் தொண்டையிலிருந்து ஏறி வாய்க்கு வர நேரம் பிடிக்கும். அவள் ஐந்து எண்ணுவதற்குள் கடிகாரம் பதினைந்து எண்ணிவிடும். கை நடுங்க, வேர்வை சொட்ட, "சீக்கிரம் எண்ணித் தொலடி" என்று கத்துவேன். அவள் ஆறில் நிறுத்தி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

தினமும் விடிகாலையில் அவர் வீட்டில் இருக்கும்போது ஹெலிபேட் மைதானத்துக்கு நடக்கப் போனேன். மாசி பிறப்பதற்குள் மூன்று கிலோ குறைந்தது. காலில் இறங்கிய வலி முட்டியோடு நின்றது. கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை, நடந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் பாய் விரித்து எதிர்வீட்டு சொல்தா குப்புறப் படுத்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவே அவரை சொல்தா என்றுதான் சொல்லும். மகளை நாற்காலியில் உட்கார வைத்து, என் கணவர் அவள் வலது காலைக் கையில் பிடித்து, சொல்தாவின் முதுகில் மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தார்.

காலால் பிறந்தவர் கால் பட்டால் முதுகுப் பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூன்று நாள், வெறும் வயிற்றில். அதற்குக் காசு வாங்கக் கூடாது, வந்தவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. என் மகள் காலால் பிறந்தவள். கால் முதலில் வந்து, தலை மாட்டிக்கொண்டு, மூச்சுக்குத் தவித்ததில்தான் அவள் இப்படி ஆனாள். எந்தப் பிறப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் குலை நடுங்குகிறதோ, அதையே வரம் என்று சொல்லி வாசலில் வந்து நிற்பார்கள். எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். நான் நடக்கப் போகிற நேரம் பார்த்து இவர்கள் ஆரம்பித்திருக்கிறார்கள்.

கத்தித் தீர்த்துவிட்டேன். சொல்தா நிதானமாக எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "பிரான்சுல எவ்ளோ மருந்து குடுத்தாங்கம்மா. பாப்பா காலு பட்டாத்தான் எனக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் முகத்தில் அவ்வளவு பெருமை. அதைப் பார்க்க எனக்கு இன்னும் எரிந்தது.

"ஊருக்கெல்லாம் ஆவுது. நீயும் ஒரு தரம் படுத்துப் பாரேன்" என்றார் கணவர்.

"அதுக்கு நான் செத்துடலாம்" என்றேன்.

மாசி பாதி தாண்டியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒட்டடைக் கம்பை வைத்து வணங்கிக்கொண்டிருந்தால் முப்பத்தெட்டு கிலோ எப்போது வரும்? வீட்டில் புது அரிசிச் சிப்பம் வந்திருந்தது, இருபத்தாறு கிலோ. முதலில் அது, பிறகு அவள் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. முதல் நாள் ஐந்து தடவை தூக்கினேன். இரண்டாம் நாள் எட்டு. காலில் மின்சாரம் மாதிரி இறங்கியது. நிறுத்தச் சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் நாட்காட்டியும் கண் முன்னால் தொங்கியது.

"நான் அரிசி இல்ல" என்றாள் மகள், கட்டிலிலிருந்து.

மூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும். நான்காவது தடவை குனிந்தேன். நிமிரவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் குப்புற விழுந்தேன். இடது காலைக் கழற்றி எடுத்துவிட்டது போல இருந்தது. போன் சமையலறையில் இருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அவர் வர ஏழு மணி. கொஞ்ச நேரத்தில் மகள், "ஒண்ணுக்கு வருது" என்றாள். என்னால் தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை. முடிந்தது, எல்லாம் முடிந்தது, இனி அவளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தரையில் வாயை வைத்து அழுதேன். அவள் கேட்கும்படி அழுதேன். அது தப்பு, ஆனால் அடக்க முடியவில்லை.

"அம்மா" என்றாள். "கால் வெக்கட்டா?"

வை என்றேன். அவளால் முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். அந்தக் காலை யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு. போர்வை உராய்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. கட்டில் குட்டைக் கட்டில்தான், விழுந்துவிடப் போகிறாள், வேண்டாம் என்றேன். அவள் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் ஆனதோ, சில்லென்று ஒரு குதிகால் என் இடுப்பில் வந்து நின்றது. பிறகு அழுத்தியது. அழுத்தியபடியே எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று அவள் வேகத்தில் ஐந்து வரை எண்ணினாள். அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அதையும் சொன்னாள்.

வலி போகவில்லை. அப்படி எழுதினால் சொல்தாவுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் போகவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து முழங்கையால் ஊர்ந்துபோய்த் துணி எடுத்து வந்து அவளுக்கு மாற்றினேன்.

நான்கு நாள் கழித்து பிசியோதெரபிக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மகள், எடை, அரிசி, படிவம், கால். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அந்தக் காலு சும்மா முதுவுல விழுந்துச்சா, இல்ல அமுக்குச்சா?"

"அமுக்குச்சு."

"யாரும் பிடிக்காமயா?"

"யாரு இருக்காங்க பிடிக்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். மகளைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்தாள். தன் முட்டியால் அவள் முட்டிகளுக்கு முட்டுக்கொடுத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து சாய்ந்து, "காலை அமுக்கு. சொல்தா முதுவுன்னு நெனச்சுக்கோ" என்றாள். என் மகளின் பின்புறம் கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பியது. எழும்பி, நடுங்கி, உட்கார்ந்தது.

"நீங்க ஏங்க்கா தூக்குறீங்க? அவ எழுந்திரிக்கட்டும். நீங்க திருப்பி நாற்காலில உக்கார வெச்சா போதும்."

 மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளியில் ஒருவர் நிற்கப் பழக்கினார். நேரம் ஆகிறது, பள்ளி வேன் வந்துவிட்டது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று நான்தான் அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு வேனும் நின்றது, பழக்கமும் நின்றது, தூக்குவது மட்டும் நிற்கவில்லை. அவள் காலுக்கு வேலையே கொடுக்காமல் என் முதுகையும் உடைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு என்னை நானே மன்னிக்கவில்லை. இன்றைக்கும் முழுசாக மன்னிக்கவில்லை.

பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் சண்டைதான். அவள் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அழுவாள், என்னைக் கடிப்பாள். என் கால் வலி ஒரு நாள் குறையும், மறுநாள் ஏறும். ஏறினால் அன்று முழுக்க ஒன்றும் செய்யக் கூடாது. அந்தச் சும்மா இருக்கிற நாட்களில் நாட்காட்டியைப் பார்க்கவே பயமாக இருக்கும்.  கணவர் ஒரு நாள் ஒரு பையில் புதுத் துண்டு இரண்டும், சோப்பு டப்பாவும், ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு நான் அன்று சாப்பிடவில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி அவருக்கு விடுமுறை. காலையில் முதல் தடவை அவள் எழும்பவே இல்லை. இரண்டாவது தடவை பாதியில் சரிந்தாள். அவர் ஓடிவந்தார். கிட்ட வராதீங்க என்றேன். மூன்றாவது தடவை அவள் முட்டியை என் முட்டியால் அணைத்தேன். முதுகில் ஒட்டடைக் கம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவள் ஒன்று என்றாள். எழுந்தாள். இரண்டு என்றபோது அவள் மூக்கு என் தோளில் இருந்தது. என் பெண் என் தோள் உயரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மூன்றில் திரும்பினோம். நான்கு சொல்வதற்குள் நாற்காலியில் இருந்தாள். குளியலறைப் படியில் முடியவில்லை, அங்கே அவர்தான் தூக்கினார். அந்தப் படியை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு போன் அடித்தது. இல்லத்திலிருந்து. அவர் எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கினேன். ஒரு நல்ல நாளைக்கு மூன்று எண்ணும் வரை நின்றாள், நாளைக்கு நிற்பாளா, என் முதுகு எத்தனை வருடம் தாங்கும், நான் செத்த பிறகு யார் அவள் முட்டிக்கு முட்டுக்கொடுப்பார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்போதுதான் உறைத்தது, இந்த மூன்று மாதத்தில் அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை அவள் காதில் வைத்தேன்.

வருகிறீர்களா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். அவள் வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, அந்தச் சொல் மேலே ஏறி வர வெகுநேரம் ஆனது. அவர்கள் காத்திருந்தார்கள்.

"வரல" என்றாள்.

யார் பேசுவது என்று கேட்டார்கள். அதற்கும் அவளே பதில் சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழும்போது குனிந்துவிட்டேன் போல.

"அம்மா" என்றாள். "முதுவ நேரா வெய்யி."