தலை சாய்த்த அத்தையும் என் ப்ராஜெக்ட்டும்

ஜெயித்துவிட்டேன், மக்களே!

கோளாறு இல்லாத கண்களில் ஆழப் பார்வையை, அதாவது எது முன்னே எது பின்னே என்று உணர்வதை, அளக்கும் இரண்டு சோதனைகளை ஒப்பிடுவதுதான் என் கல்லூரி ப்ராஜெக்ட். இன்று பிள்ளையார்பாளையத்தில், தறி நெய்யும் என் அத்தைக்குச் சோதனை.

வெறுங்கண்ணால் பார்க்கும் பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சட்டென்று சரியாகச் சொன்னார். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம் காட்டும் போலராய்டு கண்ணாடியை மாட்டினால் வட்டம் மேலெழுந்து தெரிய வேண்டிய புள்ளிப் படத்தில், "ஒண்ணும் எழும்பலமா" என்றார்.

"கண்ணுல கோளாறு. இவங்கள விட்டுடுபா" என்றாள் கூட வந்த தோழி.

விடுவேனா? மறுபடி காட்டினேன். அத்தை, ஜரிகையின் மினுமினுப்பைப் பார்ப்பதுபோலத் தலையைத் தோள்வரை சாய்த்திருந்தார். தலை சாய்ந்தால் இரண்டு கண்ணின் படங்களும் கலந்துபோய் அந்தக் கண்ணாடி வேலை செய்யாது!

தலையை நேராக்கினேன்.

"அட, வட்டம் எழும்பிக்கினு வருதுமா!"

தோழி அத்தையின் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டாள். அத்தை கேட்டார்: "நான் பாஸு. நீ எப்பமா பாஸாவ?"