துண்டுக்குள் நீட்டிய கை

எழுபதுகளில் ஒரு சந்தை நாளன்று, வேலந்தாவளத்தில் வண்டிக்கடியில் கிடந்த பூனைக்குட்டியைத் தூக்கி வந்தேன். உடம்பெல்லாம் வட்டவட்டமாகப் படர்தாமரை.

“மாட்டுக்கு ஒட்டிக்கும், கொண்டுபோயி உட்டுட்டு வா” என்று கத்தினார் என் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. கூடைக்குள் தனியே அடைத்து, வேப்பெண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசினேன். நக்கிவிடுமோ என்று காவல் இருந்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தே என் கை வெடித்தது. எங்கே அரித்தாலும் ஓடிப்போய்க் கண்ணாடி பார்ப்பேன். எங்கள் காளையின் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது.

குட்டிக்கு மயிர் முளைத்து வந்த சமயம், காளையை விற்கப் போனவர் அதை ஓட்டிக்கொண்டே திரும்பினார்.

“ஏனுங்க, விலை படியலீங்களா?”

சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். இவர் நீட்டிய கையைப் பார்த்ததும் தரகர் ஒதுங்கிக்கொண்டாராம்.

கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலெல்லாம் படர்தாமரை. எனக்கு வரவில்லை, காளைக்கும் வரவில்லை.

“பூனைக்குட்டியத் தூக்குனீங்களா?”

“பின்ன? நீ வயலுக்குப் போனா நாளெல்லாம் கத்தீட்டே கெடக்குது!” என்று என்மேல் எரிந்து விழுந்தார்.