பதினேழாம் பாகத்தில் குதித்த இசை

அவளுக்கு வீட்டில் மகாராணி என்று பெயர். வைத்தது அப்பாதான். ஒன்பது வயதில் மூச்சிரைப்பு வந்து, வருடத்தில் பாதி நாள் பள்ளிக்குப் போக முடியாமல், கடைசியில் படிப்பு வீட்டோடு என்று ஆனபோது அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பதிமூன்று. பெயரும் போகவில்லை, படிப்பும் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

அப்பா பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த மாவு அச்சை அனுப்புவார்கள். அவர் மெழுகில் ஈறு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து மெருகேற்றி அனுப்புவார். "ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறதே எங்கப்பா தயவுலதான்" என்று மகாராணி பெருமையடிப்பாள். பின்னறையில் நீள மேஜை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். நடுவில் ஒரு பழைய போனும் அதில் மாட்டிய குட்டி ஸ்பீக்கரும். தூசி பறக்கும் தேய்ப்பு வேலையை மட்டும் அவள் அறையைவிட்டு எழுந்துபோன பிறகுதான் எடுப்பார்.

வரலாற்றுப் பாடம் முழுக்க அந்த ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. ஒலி நாடகங்கள். குதிரைக் குளம்படி, கடல் இரைச்சல், வாள் உரசும் சத்தம். "கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே கிடக்கு" என்பார் அப்பா. ஒரு பாகம் கேட்டதும் அவள் வரைபடத்தை எடுத்துப் படை போன வழியைச் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகரான அம்மா வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்து, "இது என்ன பள்ளிக்கூடமா, நாடகக் கொட்டகையா? இங்கயும் டிக்கெட் கேக்கணும் போலிருக்கே!" என்பாள்.

எல்லா நாடகத்திலும் அவளுக்கு உயிர் ஒன்றுதான். ஆற்றங்கரை நாட்டை ஆண்ட ஒரு ராணியின் கதை, முப்பது பாகம். எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்த ராணி பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்தவள், கிழிந்த கூடாரத்தில் படை வீரர்களைப் போலவே உறங்கியவள். மூச்சு இழுக்கும் நாட்களில் மகாராணி அந்த வசனங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே படுத்திருப்பாள்.

ஒரே ஒரு குறை. பதினேழாம் பாகத்தில் ராணி ஆற்றைக் கடக்கும் இடத்தில் இசை சட்டென்று குதிக்கும். முரசு அதிர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த நொடி வெற்றி ஆரவாரம் கேட்கும்.

"ஏம்பா இது இப்படிக் குதிக்குது?"

"பதிவுல கோளாறும்மா."

பத்து வயதில் இன்னொன்றும் கேட்டாள். "பதினெட்டாம் பாகத்துலேர்ந்து ராணி சிரிக்கவே மாட்டேங்கிறாளே, ஏன்?"

அப்பா கையிலிருந்த கடைவாய்ப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போருக்குப் போய்ட்டு வந்தவ. களைப்பா இருக்காதா?"

நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? அப்பா சொன்னது!

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பதினொரு பேர் சனிக்கிழமை காலையில் நூலகத்துப் பின்கூடத்தில் கூடுவார்கள். அங்கே வேலை பார்க்கிற அக்காதான் மேய்ப்பவள். இந்த வருடம் அவர்களே ஒரு ஒலி நாடகம் பதிவு செய்வதாக ஏற்பாடு. எந்தக் கதை? ராணி கதை. ராணி யார்? அதில் போட்டியே இல்லை.

ஒத்திகை. தாளைக் கையில் வாங்கி வாசித்துக்கொண்டே வந்தவள் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இது தப்பு."

"எதுடி?"

"'அக்கரையில் ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது, கொளுத்துங்கள்'னு இருக்கு. ராணி இப்படிச் சொல்லவே இல்ல."

மருந்துக்கடைக்காரர் மகள் சிரித்துவிட்டாள். "சொல்லலையா? அதானே பதினேழாம் பாகமே!"

"எனக்கு முப்பது பாகமும் மனப்பாடம். நீ சும்மா இரு."

"அப்ப நீ கேட்டது வேற ராணி போல. உங்க வீட்டு ராணி!"

கூடமே சிரித்தது. அக்கா சண்டையைத் தீர்க்க நினைத்தாள், பாவம். "எதுக்கு வாக்குவாதம்? போட்டே கேட்டுடலாம்" என்று பெரிய ஸ்பீக்கரில் பதினேழாம் பாகத்தை ஓடவிட்டாள்.

முரசு அதிர்ந்தது. மகாராணி தன்னையறியாமல் அந்தக் குதிப்புக்குக் காத்திருந்தாள். இசை குதிக்கவில்லை. முரசு நின்றது. அவள் உயிராக நினைத்த அதே குரல், களஞ்சியத்தைத் திறக்கச் சொன்ன அதே குரல், "கொளுத்துங்கள்" என்றது. பிறகு ஓலம். நிற்காத ஓலம். பத்துப் பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

ராணி ஊரைக் கொளுத்தியதுகூட அந்த நிமிடம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பதிவில் கோளாறே இல்லை! வீடு வரை அதே ஒன்றுதான் தலைக்குள் சுற்றியது.

அப்பா மெழுகை உருக்கிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"பதினேழாம் பாகத்துல நீங்க கை வெச்சீங்களா?"

அவர் மெழுகு உருக்கும் விளக்கை அணைத்தார். பொய்யிலேயே நிற்கத் தெரிந்தவர் என்றால் அங்கேயே இன்னொன்று சொல்லியிருப்பார்.

"அப்ப உனக்கு ஒன்பது வயசு கண்ணு. ஒரு பொம்மை உடைஞ்சாலே அழுது அழுது மூச்சு இழுத்துக்கும். நான் முதல்ல கேட்டுப் பாத்துட்டு, வேண்டாததை எடுத்துட்டுத்தான் உனக்குப் போடுவேன்."

"இப்ப எனக்குப் பதிமூணு."

"தெரியும்."

"போன மாசம் போட்ட மாலுமி கதைலயும் வெட்டினீங்களா?"

அவர் மெழுகுக் கத்தியை எடுத்துத் துடைத்தார். அதுதான் பதில்.

"எல்லார் முன்னாடியும் முப்பது பாகமும் மனப்பாடம்னு சொன்னேன்பா. வெட்டினதை மட்டும்தான் மனப்பாடம் பண்ணிருக்கேன்."

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார். "எதையும் தூக்கிப் போடல. எல்லாம் இதுல இருக்கு."

கணினியில் திறந்தாள். 'வளர்ந்த பிறகு' என்று ஒரு தொகுப்பு. உள்ளே நாற்பத்து மூன்று துண்டுகள். நான்கு வருட வரலாறு அவளுக்குத் தெரியாமல் அங்கே குடியிருந்திருக்கிறது.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். தீ, ஓலம், பட்டினி போட்ட கைதிகள். ஒன்றையும் தாண்டவில்லை. மூச்சு சீராகவே இருந்தது. பதினெட்டாம் பாகத்தின் துண்டு வந்தது. அதில் தீ இல்லை. சாம்பலில் யாரோ நடக்கும் ஓசை. ராணியின் குரல்: "இந்த ஊருக்குப் பெயர் என்ன?" ஒரு வீரன், "தெரியாது அரசி." நடை நிற்கிறது. பிறகு அவள் அழுகிறாள். ஆயிரம் பேர் முன்னால் நடுங்காத அந்தக் குரல் உடைந்து உடைந்து அழுகிறது.

மகாராணி ஹெட்போனைக் கழற்றினாள்.

"அவ ஊர் பேரைக் கேட்டாப்பா. அழுதா. அதையும் வெட்டிட்டீங்களே!"

"தீயை எடுத்துட்டா அந்த அழுகை புரியாதேன்னு..."

"களைப்புன்னு சொன்னீங்க." அவள் ஹெட்போனை மேஜையில் வைத்தாள். "அவ ஏன் சிரிக்கலன்னு நான் கேட்டேன். களைப்புன்னு சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனையோ பேருக்குச் சிரிப்பு வைத்துக்கொடுத்த கை மேஜைமேல் சும்மா கிடந்தது.

அன்றிலிருந்து ஏற்பாடு மாறியது. மாற்றியவள் அவள், சரியென்றவர் அவர். புது நாடகம் எது வந்தாலும் முதலில் அவள் கேட்பாள், முழுசாக. ஒத்திகைக்குப் போய் அந்த வரியைச் சொன்னாள். கூடவே சாம்பல் காட்சியையும் சேர்த்தால்தான் நடிப்பேன் என்று அக்காவிடம் அடம்பிடித்துச் சேர்க்க வைத்தாள்.

பின்னறையில் மட்டும் ஸ்பீக்கர் ஊமையானது. அந்தப் பக்கம் அப்பா மெழுகில் பல் நட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அவள் ஹெட்போனோடு வெட்டாத மாலுமி கதையில் மூழ்கியிருந்தாள். திடீரென்று அவள் கண் நிறைந்ததைப் பார்த்தவர் பொறுக்க முடியாமல் சைகையால் அவளைக் கூப்பிட்டார். அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினாள்.

"என்னம்மா ஆச்சு? கப்பல்ல என்ன நடக்குது?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. பதிவுல கோளாறு."